மரப்பொந்திலும் அடிக்கட்டையிலும் ஒளிவிடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தோப்பு கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிப் பக்கம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் முறிந்த பலா ஒன்றின் அடிக்கட்டை இன்னும் அங்கே நிற்கிறது. உள்ளே பொந்து. மேலே கீற்று வேய்ந்து அதைப் பிள்ளைகளுக்கு ஒரு குட்டி இடமாக்கியிருக்கிறோம். பார்க்க வருகிறவர்களும் படத்தைப் பார்த்துவிட்டு அழைக்கிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதி, தெரிந்த பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

மரத்துக்குள்ள பொந்து எப்படிங்க விழுது?

மரத்தின் உயிரோட்டம் எல்லாம் பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய அடுக்கிலும் அதை ஒட்டிய வெள்ளைக்கட்டையிலும்தான். நடுவில் இருக்கும் வைரம் மரத்தைத் தாங்கி நிற்கும், ஆனால் அதில் உயிர் கிடையாது. கிளை முறிந்த இடம், அரிவாள் வெட்டு, இடி விழுந்த பிளவு என்று ஏதாவது ஒரு வழியில் பூஞ்சை உள்ளே புகுந்துவிட்டால் நடுக்கட்டையை மெல்ல மக்க வைத்துக்கொண்டே போகும். மிச்சத்தைக் கறையானும் வண்டும் பார்த்துக்கொள்ளும். புளி, இலுப்பை, வேம்பு, பலா எல்லாமே வயதானால் பொந்து விழக்கூடியவை.

தென்னையும் பனையும் வேறு கணக்கு. அவற்றின் உறுதி வெளிப்புறத்தில் இருக்கிறது, நடுவில் சோறு. மரம் பட்டுப்போனால் சோறு முதலில் மக்கிவிடும், வெளிக்கூடு மட்டும் குழாயாக நிற்கும். இன்னொரு வகைப் பொந்தும் நம் பக்கத்தில் கண்ணில் படும். பனைமட்டை இடுக்கில் பறவை எச்சத்தோடு விழுந்த ஆல விதை முளைத்து, வேர்களை இறக்கிப் பனையையே சுற்றி வளைத்துக்கொள்ளும். பல ஆண்டுகள் கழித்துப் பனை செத்து மக்கியபின், ஆலமரத்தின் நடுவே பனை நின்ற இடம் மட்டும் வெற்றிடமாக இருக்கும்.

பொந்து விழுந்தா மரம் செத்துப்போச்சுன்னு அர்த்தமா?

இல்லை. மேலே சொன்னபடி, உயிர் வெளி அடுக்கில் இருப்பதால் நடுவில் ஒன்றுமே இல்லாத மரமும் தழைத்துக் காய்க்கும். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் புளியமரப் பொந்தில் இருந்தார் என்பது வைணவ மரபு. அந்த உறங்காப்புளியை இன்றும் கோயிலில் தரிசிக்கிறார்கள்.

நெஜமாவே மரக்கட்டைக்குள்ள ஆளுங்க குடும்பம் நடத்தியிருக்காங்களா?

நடத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரம் வெட்டிய இடங்களில் குடியேறியவர்களில் சிலர் ராட்சத சிடார் மரங்களின் அடிக்கட்டையைக் குடைந்து, பலகைக் கூரை போட்டு, கதவும் சன்னலும் வைத்து வாழ்ந்தார்கள். அங்கே அடிக்கட்டை உயரமாக மிஞ்சியதற்குக் காரணம் உண்டு. சிடாரின் அடிப்பகுதி வேரோடு விரிந்து பருத்திருக்கும், ரம்பத்துக்கு அடங்காது. அதனால் வெட்டுகிறவர்கள் மரத்தில் வெட்டுவாய் போட்டு, பலகையைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று, பருமன் குறைந்த உயரத்தில் அறுத்தார்கள். கீழே ஆள் உயரத்துக்கும் மேல் கட்டை நின்றுவிட்டது. வீடாக மட்டுமல்ல, ஒரு கட்டை தபால் நிலையமாகவும் இருந்திருக்கிறது.

கலிபோர்னியாவில் ஹேல் தார்ப் என்ற கால்நடை வளர்ப்பாளர் விழுந்து கிடந்த செக்வோயா மரத்தின் பொந்தையே கோடைக்கால வீடாக்கிக்கொண்டார். அது இன்னும் செக்வோயா தேசியப் பூங்காவில் இருக்கிறது. 1892இல் வெட்டிய இன்னொரு செக்வோயாவின் அடிப்பகுதியைக் குடைந்து 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்தார்கள். பிறகு அது வாஷிங்டன் நகரில் 1932 வரை நின்றது. பிரான்சின் நார்மண்டியில் அலுவில் என்ற ஊரில் உயிருள்ள ஓக் மரத்தின் பொந்துக்குள் 1696இல் வழிபாட்டிடம் அமைத்தார்கள். மரமும் இருக்கிறது, வழிபாடும் நடக்கிறது. எனக்கு இவற்றில் பிடித்தது இந்தக் கடைசி மரம்தான், அதை வெட்டாமலே இடமாக்கியிருக்கிறார்கள் என்பதால்.

அப்போ நம்ம ஊர் மரத்துலயும் ஒரு ரூம் மாதிரி பண்ணிக்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். நல்ல பருமனான ஒரு பலாவின் சுற்றளவு 240 செ.மீ. என்று வையுங்கள். குறுக்களவு சுமார் 76, அதில் பாதி 38. சுவர் குறைந்தது அந்த 38இல் மூன்றில் ஒரு பங்காவது, அதாவது 12, 13 செ.மீ. கனம் இருக்க வேண்டும். இரண்டு பக்கச் சுவரையும் கழித்தால் உள்ளே அரை மீட்டர் இடம். ஒரு சின்னப் பிள்ளை குந்தலாம், அவ்வளவுதான். அமெரிக்க சிடாரில் குறுக்களவே ஐந்து மீட்டர் போவதுண்டு. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நம் மரத்தை அளக்கக் கூடாது.

ஆகவே நம் பக்கத்தில் இது வீடு இல்லை, ஒளிவிடம். பிள்ளைகள் ஒளிந்து விளையாட, ஒரு பிள்ளை உட்கார்ந்து புத்தகம் படிக்க, அதைவிட முக்கியமாகப் பறவையும் தேனீயும் குடியிருக்க.

எந்த மரத்துக் கட்டை நல்லா உழைக்கும்?

பலா முதலிடம். அதன் மஞ்சள் வைரத்தைக் கறையான் லேசில் தொடாது. பண்ருட்டிப் பலாவைக் குடைந்துதான் மிருதங்கமும் தவிலும் செய்கிறார்கள் என்றால் கட்டையின் தரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வேம்பும் பூவரசும் பரவாயில்லை. முதிர்ந்த பனையின் வெளிக்கூடு நன்றாக உழைக்கும். முருங்கை, ஒதியன், இலவு வேண்டாம், இரண்டு மழைக்காலத்தில் உதிர்ந்துவிடும். தென்னைக்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

கட்டை தாங்குமான்னு எப்படிப் பாக்கறது?

மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். கணீரென்று கேட்கும் இடம் நல்ல கட்டை. தொப்பென்று அடங்கிய ஓசை வந்தால் அங்கே மக்கல். அந்த இடத்தில் நீளமான திருப்புளியைக் குத்துங்கள். விரல் அளவு ஆழத்துக்கு எளிதாக இறங்கினால் அந்தச் சுவரை நம்பக் கூடாது. தரைமட்டத்திலும் மண்ணை ஒரு சாண் தோண்டிக் குத்திப் பாருங்கள். காற்றும் ஈரமும் சேரும் அந்த இடத்தில்தான் கட்டை முதலில் போகும், மேலே பார்த்தால் தெரியாது.

முன்பு சொன்ன மூன்றில் ஒரு பங்குக் கணக்கு முழுச் சுவருக்கானது. வாசல் வெட்டினால் அந்தப் பக்கம் பலம் குறையும், ஆகவே இயற்கையாக இருக்கும் பிளவையே வாசலாக்குங்கள். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பட்ட மரத்தின் பொந்துக்குள் பிள்ளைகளை விடவே கூடாது. நான்கு, ஐந்து அடிக் கட்டை போதும்.

உள்ள ஏற்கெனவே ஏதாச்சும் குடியிருந்தா என்ன பண்றது?

இதை யாராவது கேட்டாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பொந்து கிடைத்தால் காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கையை விடுகிறவர்கள்தான் அதிகம். பச்சைக்கிளி, மைனா, பனங்காடை, புள்ளி ஆந்தை, குண்டுக்கரிச்சான், கொண்டலாத்தி எல்லாம் பொந்தில்தான் முட்டையிடும். இவற்றில் கிளியால் ஓரளவு துளையைப் பெரிதாக்க முடியும். மற்றவை மரங்கொத்தி விட்டுப்போன துளையையோ தானாக மக்கிய பொந்தையோ தேடித்தான் ஆக வேண்டும். மொட்டைப்பனையை விறகுக்கு வெட்டி, வயதான மரத்தையும் எடுத்துவிட்டால் அவற்றுக்குப் போக்கிடம் கிடையாது. அடுக்குத் தேனீயும் கொசுத்தேனீயும்கூட இந்த இருட்டை நம்பித்தான் கூடு கட்டுகின்றன.

முதலில் ஒரு வாரம் கட்டையைத் தொடாமல் கவனியுங்கள். பொழுது சாயும் நேரமும் விடிகிற நேரமும் முக்கியம். எங்கள் கட்டையின் மேல்விளிம்பில் ஒரு சிறிய துளை உண்டு. மாலை வெளிச்சம் மங்கியதும் அதில் முதலில் இரண்டு மஞ்சள் கண்கள் தெரியும், பிறகு வெள்ளைப் புள்ளித் தலை மேலும் கீழும் ஆடும், அதன்பின்தான் புள்ளி ஆந்தை வெளியே வந்து வேலிக்கம்பியில் உட்காரும். துளைக்கு நேர்கீழே தரையில் வண்டு ஓடுகளும் எலி முடியும் கலந்த சின்ன உருண்டைகள் கிடக்கும், ஆந்தை செரிக்காமல் கக்கியவை. உருண்டை, எச்சம், தேனீப் போக்குவரத்து, பாம்புச் சட்டை ஆகியவற்றில் எது இருந்தாலும் அங்கே ஆள் இருக்கிறது.

பறவைகள் பெரும்பாலும் தை முதல் சித்திரை வரை குஞ்சு பொரிக்கும். அப்போது கட்டையில் கை வைக்க வேண்டாம். வேலை செய்வதென்றால் ஆடி, ஆவணியில், உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்தபின் செய்யுங்கள். அப்போதும் மேல்துளையை அவற்றுக்கே விட்டுவிட்டு, கீழ்ப்பகுதியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு வைத்திருக்கிறோம்.

கிளிக்குஞ்சு இருந்தா எடுத்து வளக்கலாமா?

கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். உடும்புக்கும் ஆந்தைக்கும் இதே பதில்தான்.

பாம்பு இருக்குமோன்னுதான் பயம்.

நியாயமான பயம். எலி இருக்கும் இடத்துக்கு நல்ல பாம்பு வரும். கட்டையைச் சுற்றிக் குவிந்த சருகில் கண்ணாடி விரியன் படுத்திருக்கும். கட்டுவிரியன் இரவில் வரும். ஆகவே சுற்றிலும் இரண்டு மீட்டருக்குச் சருகும் விறகும் சேர விடாதீர்கள், உள்ளே தின்பண்டம் சிந்த விடாதீர்கள், எலி வளை இருந்தால் அடைத்துவிடுங்கள். உள்ளே போகும் முன் விளக்கடித்து, நீளக் குச்சியால் தட்டிப் பார்ப்பது ஒவ்வொரு முறையும் கட்டாயம். இருட்டியபின் யாரும் உள்ளே போக வேண்டாம். தேளும் பூரானும் பட்டை இடுக்கில் இருக்கும் என்பதால் உரியும் பட்டையை முழுவதும் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து 108ஐ அழைத்து, நேரே விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பொந்து மரத்துல முனி இருக்குன்னு எங்க ஆத்தா விடமாட்டேங்குதே?

கூகை சீறுவதைப் பாதி ராத்திரியில் கேட்டவர்களுக்கு அந்தப் பயம் வந்ததில் ஆச்சரியமில்லை. மனுசன் மூச்சிரைக்கிற மாதிரியே இருக்கும். ஆனால் ஆத்தாவின் பேச்சைத் தள்ளிவிட வேண்டாம். ஊர் கும்பிடுகிற மரம் என்றால் அதைத் தொடாமல் வேறு கட்டை பாருங்கள். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் போல நம் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் பழைய காடுகள் பல, சாமி இருக்கிறது என்ற நம்பிக்கையால்தான் கோடாரிக்குத் தப்பின.

தென்னை அடிக்கட்டை நெறைய சும்மா கெடக்கு, அதுல பண்ணலாமா?

தென்னந்தோப்புக்குள் வேண்டாம். மக்கும் தென்னங்கட்டை காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை. அதில் முட்டையிட்டு, புழு வளர்ந்து, வண்டாகி வெளியே வந்து பக்கத்துத் தென்னையின் குருத்தைத் துளைக்கும். விரிந்த மட்டையில் விசிறி போல வெட்டு விழுந்திருந்தால் அது இந்த வண்டின் வேலை. புயலில் தோப்பு சாய்ந்த ஆண்டுகளில் கட்டைகளை உடனே அப்புறப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்து பட்ட தென்னையென்றால் இன்னும் கவனம் தேவை. அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். அதைப் பரப்பும் பூஞ்சை அடிக்கட்டையிலும் வேரிலும் இருந்து மண் வழியாக அடுத்த மரத்துக்குப் போகும். வேரோடு தோண்டி எரிப்பதுதான் வழி. நோயில்லாத மரத்தின் காய்ந்த வெளிக்கூட்டை மட்டும் துண்டு போட்டு, சோற்றைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்தால் பறவைக் கூடாக்கலாம்.

மழைத்தண்ணி நின்னு கொசு வராதா?

வரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மரப்பொந்துத் தண்ணீர் மிகப் பிடித்த இடம். முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் பிழைத்திருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். பட்ட கட்டையாக இருந்தால் தரைமட்டத்தில் வடிகால் துளை போட்டுவிடுங்கள். உயிருள்ள மரமாக இருந்தால் துளை போடாதீர்கள், அது நல்ல கட்டைக்குள் புதிய காயம். யாரும் குடியில்லாத பள்ளம் என்றால் விளிம்பு வரை காய்ந்த மணலை நிரப்பினால் போதும்.

கூரை எதுல போடறது? பொயலுக்கு நிக்குமா?

பனையோலை அல்லது தென்னங்கீற்று, கட்டையின் விளிம்பைத் தாண்டி ஒரு அடியாவது வெளியே நீட்டி, நல்ல சரிவாக. தகரம் போடாதீர்கள். நிவர், பெஞ்சல் போன்ற புயலில் பறந்த தகரம் ஆளை வெட்டும். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு எந்தக் கூரையும் முழுக்க ஈடு கொடுக்காது. புயல் எச்சரிக்கை வந்தால் கயிற்றை அவிழ்த்துக் கூரையை இறக்கி வைத்துவிட்டு, மழை நின்றபின் உள்ளே வெயில் காட்டுங்கள். வாசல் வடகிழக்கைப் பார்க்காமல் இருந்தால் ஐப்பசி, கார்த்திகைச் சாரல் கொஞ்சம் குறையும்.

எங்க ஊர்ல முந்திரிக்கொட்டை எண்ணெய் மலிவு. கறையானுக்கு அதப் பூசலாமா?

வேலிக்கால், மாட்டுக்கொட்டகைக் கம்புகளுக்கு நல்ல பொருள். பிள்ளைகள் சாய்ந்து உட்காரும் சுவருக்குக் கூடாது. கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் அந்த எண்ணெய் தோலில் பட்டால் வெந்து கொப்புளம் போடும். முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். உட்புறத்துக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், வெளியே வேப்பெண்ணெய் போதும். பலா வைரத்துக்கு அதுவும் அதிகம்தான்.

உயிரோட இருக்கற மரத்துப் பொந்தை சிமெண்ட் போட்டு அடைக்கச் சொல்றாங்களே?

பழைய வழக்கம், கோயில் மரங்களிலும் பார்க்கலாம். இன்று மரம் பார்க்கும் வல்லுநர்கள் வேண்டாம் என்கிறார்கள். மரம் காற்றில் அசையும், சிமெண்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவே விரிசல் விட்டு, ஈரம் தங்கி, மக்கல் வேகமாகும். திறந்திருந்து காற்றாடும் பொந்தே மரத்துக்கு நல்லது.

இடி மின்னல் வந்தா உள்ள ஒதுங்கிக்கலாமா?

ஒருபோதும் கூடாது. உயரமான மரத்தில்தான் மின்னல் இறங்கும், அந்த வெளிச்சுவர் ஈரம் வழியாகத்தான் மின்சாரம் ஓடும். தனித்து நிற்கும் பொந்துமரம் மிக மோசமான ஒதுக்கிடம். குட்டைக் கட்டையானாலும் வானம் கருத்ததும் பிள்ளைகளை வீட்டுக்குள் வரச் சொல்லுங்கள். தீக்கும் இதே கண்டிப்பு வேண்டும். கீழே வாசலும் மேலே திறப்பும் உள்ள பொந்து காற்றை இழுத்து நெருப்பை மேலே ஏற்றும். மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, கார்த்திகை விளக்கு எதுவும் உள்ளே வைக்கக் கூடாது.

பிள்ளைங்கள தனியா விடலாமா?

ஐந்து வயதுக்குள் வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கும் இரண்டு நிபந்தனை உண்டு. கட்டைக்கு இரண்டு திறப்பு இருக்க வேண்டும், வெளியிலிருந்து பூட்டும் கதவு இருக்கக் கூடாது.

ரோட்டோரம் வெட்டிப்போட்ட கட்டைய எடுத்துக்கலாமா? பிச்சாவரத்துல தில்லை மரம் இருக்கே?

சாலையோர மரம் அரசுக்கோ ஊராட்சிக்கோ சொந்தம், ஏலத்தில்தான் போகும். கேட்காமல் எடுக்காதீர்கள். பனை விஷயத்தில், வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. பிச்சாவரம் காடு வனத்துறைக்குரியது, அங்கே குச்சியைக்கூட எடுக்கக் கூடாது. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், தோலில் பட்டால் புண். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பேரைக் கொடுத்த மரத்தைத் தோணியில் இருந்தே பார்த்துவிட்டு வாருங்கள்.

திருவக்கரைல கல்மரம் இருக்கே, அதுல பொந்து இருக்குமா?

பள்ளிப்பிள்ளைகள் கேட்ட கேள்வி. புதுச்சேரிக்குப் பக்கத்தில் திருவக்கரையில் கிடப்பவை சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள், கடலூர் மணற்கல் என்ற பாறை அடுக்கில் கல்லாகிப் போனவை. வேரோடு நிற்கும் அடிக்கட்டையை அங்கே தேட வேண்டாம். எல்லாம் படுத்த தண்டுகள்தான், கிளையும் இலையும் இல்லாமல். வெள்ளம் அடித்துவந்து சேர்த்தவை என்று புவியியலாளர்கள் சொல்வது அதனால்தான். உடைத்துத் துண்டு எடுத்துவர நினைக்காதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட பூங்கா.

எங்களுக்குப் புதுச்சேரில மாடி வீடு, தோப்பெல்லாம் இல்ல. என்ன பண்ணலாம்?

ஒரு அடி நீளக் காய்ந்த பனை அல்லது தென்னைக் கூட்டுத்துண்டு வாங்குங்கள். உள்ளே சுரண்டி, மேலும் கீழும் பலகை அடைத்து, பக்கத்தில் துளை போட்டு, நிழலான சுவரில் ஆள் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். 3 செ.மீ.க்குச் சற்று மேல் துளை போட்டால் சிட்டுக்குருவி வரும், மைனா நுழைய முடியாது. உள்ளே வண்ணம் பூசாதீர்கள், துளைக்கு வெளியே நிற்கக் குச்சி வைக்காதீர்கள். அந்தக் குச்சி காக்கைக்குத்தான் உதவும்.

கடற்கரைச் சாலைல ஒரு விடுதி எடுத்திருக்கோம். பழைய பொந்துப் புளி ஒண்ணு இருக்கு, மேல வெட்டிட்டு அடியை மட்டும் தங்கற எடமா மாத்தித் தர்றீங்களா?

மாட்டேன். இதைப் பலமுறை பலரிடம் சொல்லியிருக்கிறேன். உயிருள்ள மரத்தை அடிக்கட்டைக்காக வெட்டுவது வேலையை முதலிலேயே கெடுத்துவிடும். வெட்டிய புளியில் நிழலும் போய், குடியிருந்த பறவையும் போய், மீதிக் கட்டையும் சில மழைக்காலத்தில் மக்கத் தொடங்கும். உள்ளே இடம் எவ்வளவு இருக்கும் என்ற கணக்கை மேலே போட்டுக் காட்டியிருக்கிறேன், ஒரு கட்டில்கூட நுழையாது.

மரத்தை அப்படியே விட்டு, வேர் மிதிபடாமல் சற்றுத் தள்ளி ஒரு பெஞ்சு போடுங்கள். மாலையில் விளக்கை அந்தப் பக்கம் அடிக்காதீர்கள். கட்டை கட்டாயம் வேண்டும் என்றால் அடுத்த புயலில் சாய்ந்த பலாவோ பூவரசோ விலைக்கு வரும், அப்போது சொல்லுங்கள், நானே வந்து தட்டிப் பார்த்துத் தருகிறேன்.